மகளின் பட்டியலில் நம் கை எதற்கு?



போன வருஷம் பொறியியல் கலந்தாய்வு நேரத்தில் மகளோடு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் முதல் சாய்ஸாக மெக்கானிக்கலைப் போட்டாள். பின்னால் நின்ற அப்பா, "அது ஆம்பளப் பசங்க படிப்பும்மா. கிரீஸ் கையோட நின்னா எவன் கட்டிக்குவான்? ஐ.டி. போடு" என்றார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. மவுஸ் நகர்ந்தது, மெக்கானிக்கல் அழிந்தது. கட்-ஆஃப் அவள் வாங்கியது. பட்டியல் அப்பா போட்டது.

நானும் யோக்கியமில்லை. என் மகள் சிவில் என்றதும் "வெயில்ல சைட்ல நிக்கணுமே" என்று இழுத்தேன். அவள் பிடிவாதத்தால்தான் இன்று சிவில் படிக்கிறாள். எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பிடிவாதம் வரும்?

உலக அளவில் பொறியியல் பட்டதாரிகளில் பெண்கள் 28 சதவீதம்தான் என்கிறது யுனெஸ்கோவின் 2021 அறிவியல் அறிக்கை. ஜப்பானில் வெறும் 14, அமெரிக்காவில் 20 சொச்சம். அல்ஜீரியாவிலோ 48க்கும் மேல்! பெண்ணின் மூளைக்கு ஒத்துவராத படிப்பென்றால் எல்லா நாட்டிலும் ஒரே கணக்கல்லவா வரவேண்டும்? நாட்டுக்கு நாடு மாறுவது பெண்ணைச் சுற்றி நிற்பவர்களின் பேச்சுதான்.

நம் சென்னையிலேயே ஒரு அப்பா இருந்தார். அவர் மகள் அ. லலிதாவுக்கு 15 வயதில் திருமணம். 18 வயதில் கணவரை இழந்தபோது கையில் நான்கு மாதக் குழந்தை. விதவை எதிரே வந்தாலே முகம் சுளித்த காலம். கிண்டி பொறியியல் கல்லூரிப் பேராசிரியரான பப்பு சுப்பாராவ், மகளைச் சேர்த்துக்கொள்ளும்படி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் போய்க் கேட்டார். 1940இல், ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் லலிதா மின்பொறியியல் சேர்ந்தார். பின்னாலேயே லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் வந்தார்கள். பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை அடித்துப் பெண்பாலாக்கித் தர வேண்டியிருந்தது. லலிதா பக்ரா நங்கல் அணையின் மின்பணிகளில் பங்கேற்றார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

சுப்பாராவுக்கு ஊர் வாய் இல்லையா, உறவு இல்லையா? நமக்கு இருப்பதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். இன்று கல்லூரிக்கு பஸ் இருக்கிறது, பெண்கள் விடுதி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவ்வளவு இருந்தும் நாம் மாப்பிள்ளைக் கணக்குப் பார்த்துப் பாடம் தேர்ந்தெடுக்கிறோமே, இது நியாயமா?

ஐ.டி. மட்டமான படிப்பில்லை. அவள் விரும்பினால் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் இந்த வருஷம் பட்டியலை லாக் செய்யும் முன், "உனக்கு எது பிடிக்குது?" என்று அவளைக் கேளுங்கள். பதில் வந்ததும் குறுக்கே பேசாதீர்கள். நான்கு வருஷம் வகுப்பில் உட்காரப்போவது அவள்.