வில்லியம்ஸ்பர்க்கும் நம்ம ஆளுங்க பெருமூச்சும்

வர்ஜீனியா பக்கம் போற நம்ம பதிவர்கள் யாரும் வில்லியம்ஸ்பர்க்கை விட்டு வைக்கிறதில்லை. குதிரை வண்டி முன்னாடி ஒரு படம், முக்கோணத் தொப்பிக்காரரோட ஒரு படம், கடைசில அந்த டெம்ப்ளேட் வரி: "வெள்ளைக்காரன் வரலாற்றை எப்படிப் பாதுகாக்கிறான் பாருங்க, நாமளும் இருக்கோமே!" இந்த வரியோடதான் எனக்கு வாய்க்கா வரப்புத் தகராறு.

ஊரு நல்லாத்தான் இருக்கு, இல்லைங்கல. நானும் ரெண்டு நாள் சுத்தினேன். கொல்லன் பட்டறைல இரும்பைப் பழுக்கக் காய்ச்சி ஆணி அடிச்சுக் காட்டுறார் (ஆபீஸ்ல ஆணி புடுங்குற நமக்கு அதைப் பார்க்கிறதே தனி சுகம் :-)). விக் செய்யறவர், பீப்பாய் செய்யறவர்னு எல்லாரும் எத்தனை கேள்வி கேட்டாலும் பொறுமையா பதில் சொல்றாங்க. என் கோபம் அவங்க மேல இல்லை, நம்ம பெருமூச்சு மேல.

பாதுகாத்தாங்களாம்! 1699லேர்ந்து 1780 வரை அது வர்ஜீனியாவோட தலைநகரம். தலைநகரம் ரிச்மண்டுக்குப் போனதும் ஊரு தூங்கிப்போச்சு. 1926ல குட்வின்ங்கிற பாதிரியார் பேச்சைக் கேட்டு ராக்ஃபெல்லர் ஜூனியர் காசை இறக்கினார். அசல் கட்டடம்னு இன்னிக்கு இருக்கிறது 89தான். கவர்னர் மாளிகை 1781லயே எரிஞ்சு போச்சு. நீங்க படம் புடிச்சுப் போட்டது 1934ல திறந்தது. இந்தப் பழைய ஊரை உண்டாக்க, பிற்காலத்துல வந்த நூத்துக்கணக்கான கட்டடங்களை இடிச்சுத் தள்ளினாங்க. ஒரு காலத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு மத்த காலத்தையெல்லாம் துடைச்சிட்டாங்கன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

சரி, பிடிச்சு வெச்ச காலத்தையாவது முழுசாக் காட்டினாங்களா? விடுதலைப் போர் சமயத்துல அந்த ஊர் ஜனங்கள்ல பாதிப்பேர் கறுப்பர்கள், பெரும்பாலும் அடிமைகள். பேட்டன் ராண்டால்ஃப் வீடு பார்த்திருப்பீங்க. 1774ல கூடின முதல் காண்டினென்டல் காங்கிரசுக்குத் தலைவர். அவர் செத்த பிறகு அந்த வீட்டுக்கு எடுத்த சொத்துக் கணக்குல மேசை நாற்காலியோட 27 மனுஷங்களும் இருந்தாங்க. நான் படிச்ச பயணப் பதிவுகள்ல அந்த வீட்டுச் சுவர்ப் பலகை வேலைப்பாடு வந்துச்சு, 27 வரலை.

கறுப்பினக் கலைஞர்கள் அந்த மக்களா நடிச்சுக் கதை சொல்ல ஆரம்பிச்சதே 1979லதான். 1994ல அடிமை ஏலத்தை நடிச்சுக் காட்டினப்ப, கறுப்பர் உரிமை அமைப்புக்காரங்களே வேதனையைக் கூத்தாக்குறதான்னு எதிர்த்தாங்க. அவங்க கோபம் புரியுது. ஆனா விக்கையும் பீப்பாயையும் மட்டும் காட்டிட்டு அனுப்புறதைவிட அந்த ஏலம் ஆயிரம் மடங்கு யோக்கியம்னுதான் நான் சொல்வேன்.

அப்புறம் இந்த 'பார்க்கிங் வசதி அபாரம்' கோஷ்டி. 1776 வாக்குல அடிமைகளும் விடுதலை பெற்ற கறுப்பர்களும் ஒளிஞ்சு மறைஞ்சு கூடி ஜெபம் பண்ண ஆரம்பிச்ச சபை ஒண்ணு, ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட். 1856ல நாசோ தெருவுல செங்கல் சர்ச் கட்டினாங்க. நூறு வருஷம் கழிச்சு, 1950கள்ல அருங்காட்சியகமே அந்த இடத்தை வாங்குச்சு. சர்ச்சை இடிச்சாங்க. 1856ங்கிறது அவங்க கணக்குக்கு ரொம்பப் புதுசு! பிற்பாடு அது மேல கார் நிறுத்த இடம் போட்டாங்க. 2020ல அதே அருங்காட்சியகம், அந்தச் சபை வம்சத்தாரையும் சேர்த்துக்கிட்டுத் தோண்ட ஆரம்பிச்சுது. 60க்கும் மேல புதைகுழிகள். மூணு பேரோட எலும்பைச் சோதிச்சு, ஆப்பிரிக்க வம்சாவளிதான்னு 2023ல உறுதியாச்சு. அத்தனை வருஷம் கார் நின்னது அவங்க மேல.

வெள்ளைக்காரன் மறைச்சான்னு சொல்லிட்டு நாம தப்பிக்கவும் முடியாது சாமிகளா. செஞ்சிக் கோட்டைக்குப் போனாலும் ராஜா எங்க உட்கார்ந்தார்னுதான் கேட்கிறோம். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணி சுமந்தவன் எங்க படுத்தான்னு ஒரு பதிவுலயும் பார்த்ததில்லை. ஆள்றவன் ஜன்னல்லேர்ந்தே பார்த்துப் பழகின கண்ணு, வர்ஜீனியா போனா மட்டும் மாறிடுமா?

அடுத்து போறவங்க நாசோ தெருப் பக்கமும் நடந்துட்டு வாங்க. படம் போடுங்க. முதல் பின்னூட்டம் என்னுது.