சலங்கையைக் கழற்றச் சொல்லாதீர்கள்



என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது நர்ஸ். டியூட்டி இல்லாத நேரத்தில் பரதம் ஆடுகிறாள். "ஊசி போடுகிற கைக்கு முத்திரை எதற்கு?" என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்களாம். இதற்குப் பதிலை எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

புனேயில் மோகன் அகாஷே என்று ஒரு மனநல மருத்துவர். மருத்துவக் கல்லூரியில் பாடமும் நடத்தினார், மேடையும் ஏறினார். விஜய் தெண்டுல்கரின் 'காசிராம் கோத்வால்' 1972-ல் அரங்கேறியபோது நானா பட்னவீஸ் வேடம் அவருக்கு. பாட்டும் ஆட்டமும் நிறைந்த நாடகம் அது. பிற்பாடு 'அஸ்து' என்ற மராத்திப் படத்தில், மறதி நோய் வந்த சமஸ்கிருதப் பேராசிரியராக நடித்தார். மனச்சோர்வைப் பற்றிய 'காசவ்' படத்தைத் தயாரித்தவர்களில் அவரும் ஒருவர். 2016-ம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான். ஆஸ்பத்திரியில் ஒரு குடும்பத்துக்குச் சொல்வதைத் திரையில் ஊருக்கே சொன்னார். கலை அவருடைய வைத்தியத்தைக் கெடுக்கவில்லை, அதற்குத் துணை நின்றது.

எல்லோருக்கும் இது கைகூடாது என்பதும் உண்மை. ஸ்ரீராம் லாகூ காது, மூக்கு, தொண்டை மருத்துவர். 1969-ல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, தொழிலை விட்டுவிட்டு முழுநேர நடிகரானார். ஆனால் எதை விடுவது என்று முடிவு செய்தவர் அவர்தான், அக்கம்பக்கத்தார் அல்ல.

அந்தப் பிள்ளைக்கும் ஒன்று சொல்வேன். நோயாளிதான் முதலில். இரவு டியூட்டி இருக்கிற நாளில் ஒத்திகை வேண்டாம்மா. தூக்கக் கலக்கத்தில் மருந்து மாறினால் எந்தக் கலையும் உன்னைக் காப்பாற்றாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பத்தாவது வந்ததும் டான்ஸ் கிளாஸ், பாட்டு கிளாஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். கேட்டால் நீட் என்கிறோம். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஆடுவதால் எந்தப் பிள்ளையின் மார்க்கும் போய்விடாது. அந்த இரண்டு மணி நேரம்தான் நாளைக்கு, வார்டில் மரணத்தைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைக்கு மூச்சுவிட ஓர் இடம்.

நம் தருமபுரம், சம்பந்தர் யாழ்மூரி பாடிய தலம். யாழுக்குள் அடங்காத பாட்டும் உண்டு என்று காட்டிய ஊர். ஒரே வேலைக்குள் அடங்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் கேலி பேசாமல், சதங்கை கட்டும் நாளில் முன்வரிசையில் போய் உட்காருங்கள்.

உங்கள் டீச்சர்,
தருமபுரம், காரைக்கால்.