காத்தாட விட்டால் துரு பிடிக்காதாம்!

மும்பைக்கு வந்து இருபது வருஷமாச்சு. இன்னமும் நம்மாட்கள் ஒரு வைத்தியத்தை மட்டும் விட மாட்டேன் என்கிறார்கள். மழைக்காலத்தில் எதில் ஈரம் சேர்ந்தாலும், "கொஞ்சம் காத்தாட விடுங்க சார், சரியாயிடும்". ஆகாது மக்களே, ஆகாது!

சொந்தக் கதை. அப்பா தவறிய பிறகு அவருடைய உளி, இழைப்புளி, ஸ்பேனர் எல்லாவற்றையும் திருச்சியிலிருந்து வாஷிக்குக் கொண்டு வந்து கராஜ் அலமாரியில் அடுக்கினேன். ஜூலை முழுக்க ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து, ஃபேனும் ஓட விட்டேன். போதாததற்கு அங்கேயே கொடி கட்டித் துணி வேறு. ஆகஸ்டில் பார்த்தால், அப்பா உளிகளில் தன் கையால் கொத்தி வைத்திருந்த இனிஷியலைத் துரு தின்றிருந்தது.

சித்திரை வெயிலில் திருச்சிக் காற்று ஈரத்தை உறிஞ்சும். அங்கே அந்த வைத்தியம் சரி. மும்பையில் ஜூலை, ஆகஸ்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல். இரும்புக்கு 60ஐத் தாண்டினாலே ஆபத்து. உப்புக் காற்று என்றால் அதற்கும் முன்பே. 30 டிகிரி, 80 சதவீத ஈரக் காற்று, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த இரும்பைத் தொட்டால் ஐஸ் தண்ணீர் டம்ளர் போல வியர்க்கும். ராத்திரி மழையில் குளிர்ந்த உளிக்குக் காலையில் ஷட்டரைத் திறந்து நாமே தண்ணீர் தெளிக்கிறோம். ஃபேன் அந்த ஈரத்தை வெளியேற்றாது, சுற்றி விடும், அவ்வளவுதான். ஒரு மெஷின் துணி காய்ந்தால் இரண்டு லிட்டர் தண்ணீராவது கராஜ் காற்றில் கலக்கும்.

"எண்ணெய் தடவினால் போதாதா?" மெஷின் ஆயில் நல்லதுதான், ஆனால் கை பட்ட இடத்தில் அழிந்துவிடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பவர்கள் உள்ளே இருக்கும் ஈரத்தையும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். சாக்கும் செய்தித்தாளும் ஈரம் குடிக்கும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: மூடு, உலர்த்து. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது, வாங்குங்கள். ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள டப்பாவில் கருவிகளைத் துடைத்து வைத்து, ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறினால் 120 டிகிரியில் சூடாக்கி மறுபடி போடலாம். கராஜ் முழுவதையும் உலர்த்த வேண்டுமென்றால் டிஹியூமிடிஃபையர், அதுவும் ஷட்டரை மூடிய பிறகு. திறந்து வைத்து ஓட்டினால் அரபிக்கடலை உலர்த்தக் கிளம்பியது போலத்தான் :-) நனைந்த காரையும் துணியையும் உள்ளே விடாதீர்கள்.

டிசம்பரில் ஈரப்பதமானி 50க்குக் கீழே காட்டும் மதியத்தில் தாராளமாகக் காத்தாட விடுங்கள்.

ஊரிலிருந்து பொருளைக் கொண்டு வரலாம். ஊர்க் காற்றைக் கொண்டு வர முடியாது. இனிஷியல் மிஞ்சியது இரண்டே உளிகளில். அவை இப்போது டப்பாவில்.