நேரத்துக்கும் அலகு வேண்டும்

‘கம்பியின் நீளம் 5’ என்று விடைத்தாளில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்குமா? கிடைக்காது. மீட்டரா, சென்டிமீட்டரா என்று ஆசிரியர் கேட்பார். ஆனால் ‘காலை 7.45’ என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. எந்த ஊர்க் கடிகாரத்தில் 7.45? இதையும் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. அங்கிருக்கும் அண்ணன் காலை 10.00 மணிக்குத் தங்கைக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 15 நிமிடம் கழித்துத் தங்கை பதில் அனுப்புகிறாள். இங்கே அப்போது மணி 7.45. மணியை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால், கேள்விக்கு முன்பே பதில் வந்துவிட்டதாகக் கணிப்பொறி காட்டும்!

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, மின்னஞ்சலின் தலைப்பகுதியில் நேரத்தை எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு பொது விதி உண்டு. 1982-இல் வெளியான இவ்விதி 2001-லும் 2008-லும் திருத்தப்பட்டது. கிழமை, தேதி, மாதம், ஆண்டு, மணி, நிமிடம், விநாடி ஆகியவற்றை வரிசையாக எழுதி, கடைசியில் கிரீனிச் நேரத்திலிருந்து உள்ள வேறுபாட்டையும் எழுத வேண்டும். நமக்கு அது +0530, சிங்கப்பூருக்கு +0800. 10.00-இல் 8 மணியைக் கழித்தால் 2.00. 7.45-இல் ஐந்தரை மணியைக் கழித்தால் 2.15. வரிசை சரியாகிவிட்டதல்லவா?

கிழமையையும் மாதத்தையும் ஆங்கில மூன்றெழுத்துச் சுருக்கமாகவே எழுத வேண்டும் என்கிறது விதி. தமிழ் அமைப்பில் இயங்கும் நிரல் அங்கே ‘ஆகஸ்ட்’ என்று தமிழில் எழுதினால், பெறும் கணிப்பொறி திகைக்கும். இது தமிழுக்குக் குறைவன்று. அந்த வரி இயந்திரம் படிப்பதற்கு. நாம் படிக்கும் திரையில் தமிழிலேயே காட்டலாம்.

“இந்தியா முழுவதும் ஒரே நேரம்தானே, +0530 எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்ததே 1906-இல்தான். அதற்கு முன் ரயில்கள் ஓடிய சென்னை நேரம் இதைவிட ஏறக்குறைய 9 நிமிடம் பின்தங்கியது.

நமக்குக் கிழக்கே, கடலுக்கு அப்பால் இருக்கும் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். சூரியனைப் பொறுத்தவரை நமக்கும் அதற்கும் சுமார் 4 நிமிட வேறுபாடுதான். ஆனால் இலங்கை அரசு 1996 மே மாதம் கடிகாரத்தை +0630 ஆக்கியது. அக்டோபரில் +0600 ஆக்கியது. 2006 ஏப்ரலில் மீண்டும் +0530-க்கு வந்தது. ‘இலங்கை என்றால் +0530’ என்று நிரலில் நிலையாக எழுதி வைத்தால், அந்தப் பத்தாண்டுக் கடிதங்களின் நேரமெல்லாம் தவறாகிவிடும்.

இந்திய நேரத்தின் ஆங்கில முதலெழுத்துகளை எழுதினால் போதாதா? போதாது. அயர்லாந்தும் இஸ்ரேலும் அதே மூன்று எழுத்துகளைத் தங்கள் நேரத்துக்குப் பயன்படுத்துகின்றன. எண்ணில் இந்தக் குழப்பம் இல்லை.

ஆகவே, நிரல் எழுதும் மாணவர்களே, நேரத்தை எங்கு பதிவு செய்தாலும் இந்த வேறுபாட்டையும் சேர்த்து எழுதுங்கள். கிரகணத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கும்போதும் இப்பழக்கம் உதவும். உங்களுக்கு வந்த ஒரு மின்னஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்து தேதி வரியைப் பாருங்கள். அதன் கடைசி எண் என்ன? அனுப்பியவேளை நம் கடிகாரம் என்ன காட்டியிருக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள்.