‘இலகு வேலை’ என்னும் மோசடி

கட்டடத் தளத்தில் செங்கல் சுமந்து மாடியேறும் பெண்ணுக்குக் கூலி குறைவு. காரணம், அவளிடம் திறன் இல்லையாம். சேற்றில் நாளெல்லாம் குனிந்து வரிசை பிசகாமல் நாற்று நடும் பெண்ணுக்கும் கூலி குறைவு. காரணம், அது பலம் வேண்டாத இலகு வேலையாம். காரணங்கள் மாறுகின்றன, கூலி மட்டும் மாறுவதில்லை!

அரசும் இதே பாடத்தைத்தான் ஓதுகிறது. ராணுவத்தில் பெண்களுக்கு நிரந்தரப் பணி மறுக்க, உடற்கூறு, தாய்மை, கிராமப்புற ஆண் சிப்பாய்களின் மனநிலை ஆகியவற்றையெல்லாம் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் அடுக்கியது. 2020 பிப்ரவரி 17 அன்று நீதிமன்றம் அவ்வாதங்களை நிராகரித்தது. பின்னர் வேறு வழி கண்டார்கள்: ஆண்களுக்கு இளம்வயதில் சோதித்த உடற்தகுதியை நடுவயது எட்டிய பெண்களிடம் கேட்டார்கள். 2021 மார்ச்சில் நீதிமன்றம் அதையும் பாகுபாடு என்றது.

இதனினும் கொடியது, இப்பொய்யை உழைப்பவரே நம்புவது. தலையில் சுமையோடு நிற்பவளே ‘அது ஆம்பளை வேலை, என்னால் ஆகாது’ என்கிறாள். ஆணோ தன் உடல் இரும்பென்று எண்ணி முதுகுவலியை மறைக்கிறான். பாதுகாப்புக் கயிறு கேட்பதையே கோழைத்தனமாகக் கருதுகிறான். அவளது தாழ்வெண்ணமும் இவனது வீறாப்பும் ஒப்பந்தக்காரனுக்கே லாபம்.

1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒரே தன்மையுள்ள வேலைக்குச் சம கூலி என்றது. எனவேதான் முதலாளி வேலையின் பெயரை மாற்றுகிறான். தோழர்களே, நம் சங்கம் கையொப்பமிடும் கூலி ஒப்பந்தத்தில் ‘இலகு வேலை’ என்ற சொல் இருக்குமானால், அடுத்த பேச்சுவார்த்தையின் முதற்கோரிக்கை அதை நீக்குவதாக இருக்கட்டும்.