எந்தப் பக்கத்து ஜன்னல்?

விமானத்தில் இடம் பதியும்போது, "ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும்" என்பார்கள் பலர். சிலர் அதற்காகக் கூடுதல் பணமும் கட்டுகிறார்கள். போதாது என்பது என் கருத்து. எந்தப் பக்கம், என்ன நேரம் என்று கேட்காமல் வாங்கும் ஜன்னல், பாதி ஜன்னல்தான். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, உங்கள் பள்ளித் தேசப்படமும் ஓர் அளவுகோலும் இருந்தால் ஆயிற்று.

தமிழ்நாட்டுப் படத்தில் சென்னையையும் கோவையையும் ஒரு கோட்டால் இணையுங்கள். கோடு தென்மேற்காக இறங்கும். சேலத்தை ஒட்டிச் சென்று, சங்ககிரிக்குச் சற்று வடக்கே கடந்து, பவானி அருகே காவிரியைத் தாண்டும். விமானம் இந்தக் கோட்டின் மேலேயே பறக்காது. காற்றும் வான்வழித் தடங்களும் பாதையைக் கொஞ்சம் வளைக்கும். ஆனாலும் எது எந்தப் பக்கம் என்று அறிய இக்கோடு உதவும்.

கோவையை நோக்கி அமர்ந்தால், இடப்பக்கம் சங்ககிரி மலை, கோட்டிலிருந்து ஏறத்தாழ 8 கி.மீ. வலப்பக்கம் மேட்டூர் நீர்த்தேக்கம், ஏறத்தாழ 27 கி.மீ. அருகில் இருப்பதுதானே நன்றாகத் தெரியும் என்கிறீர்களா? அங்கேதான் வேடிக்கை. விமானம் 8 கி.மீ. உயரத்தில் பறப்பதாகக் கொள்வோம். சங்ககிரியைக் காண 45 பாகை கீழ்நோக்கிக் குனிய வேண்டும். மேட்டூருக்கு 17 பாகை கூட வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்தபடியே பார்க்கலாம். தரையில் நம்மை அண்ணாந்து பார்க்கவைக்கும் கோட்டை மலை, மேலிருந்து வெறும் பாறைத் திட்டாகிவிடும். அதன் உயரத்தைக் காட்டிக்கொடுப்பது நிழல் ஒன்றே. உச்சி வேளையில் அதுவும் இராது.

இனி வெயிலைக் கவனியுங்கள். சினிமாக் கொட்டகையில் திரையை விட்டுத் திரும்பி, ஒளி வரும் துளையைப் பார்த்ததுண்டா? இடையிலுள்ள தூசியெல்லாம் பளபளக்கும். தூசித் துகள்கள் தம்மீது படும் ஒளியைப் பெரும்பாலும் அது செல்லும் திசையிலேயே சிதறவிடுவதுதான் காரணம். வானிலும் இதே கதைதான். சூரியன் உள்ள பக்கம் நோக்கினால் வெண்திரை விழும்; எதிர்ப்பக்கம் தெளிவாக இருக்கும். ஆகவே காலையில் கோவைக்குப் போகிறவர் வலப்பக்கம் அமர்வதே மேல். கீழே மேகம் படர்ந்திருந்தாலும் ஏமாற்றமில்லை. சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில், மேகத்தின் மேல் விமானத்தின் நிழலும் அதைச் சுற்றி வண்ண வளையங்களும் தோன்றக்கூடும். வளையத்தின் நடுவே இருப்பது உங்கள் இருக்கையின் நிழல்! பின் வரிசைக்காரர் தம் இருக்கையை நடுவில் காண்பார்.

இறக்கையையும் மறக்காதீர்கள். ஏ.டி.ஆர். விமானத்தில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் தரையை அவ்வளவாக மறைக்காது. ஏர்பஸ், போயிங் ஜெட் விமானங்களில் அது கீழே; நடு வரிசைக்காரர் இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டு போவார். பின்புறத்தில் என்ஜினின் வெப்பக்காற்று காட்சியைக் கலங்கச் செய்யும். முன்புறமே நல்லது.

"கைப்பேசிப் படத்தில் இதையெல்லாம் பார்க்கலாமே, எதற்கு வம்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் படம் என்றோ எடுத்தது. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது, முழு அளவு 120 அடி என்று தேர்வில் எழுதிவிடுகிறோம். இன்று நீர் எவ்வளவு? நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் வெளிறிய மண்பட்டை அகன்றிருந்தால் நீர் வடிந்திருக்கிறது என்று பொருள். கால்வாய் பாயும் இடம் பச்சைப் பட்டை. பாயாத இடம் செம்மண். காவிரிக்கு ஏன் இத்தனை வழக்கு என்பதை அந்த இரண்டு நிறங்கள் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். அதைக் காணக் கிடைத்த நேரத்தில் திரையை இழுத்து மூடிவிட்டுத் தூங்குகிறவர்களை என்ன சொல்வது?

சங்ககிரி மாணவர் ஒருவர், "எனக்கு எங்கள் மலைதான் வேண்டும்" என்று இடப்பக்கம் கேட்டால் நான் தடுக்கமாட்டேன். எதைப் பார்க்கப்போகிறோம் என்று தெரிந்து கேட்கிறார் அல்லவா?

இப்போது ஒரு கேள்வி. மாலையில் கோவையிலிருந்து சென்னைக்குத் திரும்பும் விமானத்தில் மேட்டூர் எந்தப் பக்கம்? அப்போது சூரியன் எந்தப் பக்கம்? அளவுகோலை எடுங்கள்.