முதலைத் தாயும் குரங்குக் கீறலும்

எங்கள் அருள்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தெருவே வேறு மாதிரி இருக்கும். பனியன் கம்பெனிகளில் மிஷின் ஓடாது. வாரம் பூரா ஓவர்லாக், பேட்லாக் என்று குனிந்தே கிடந்தவர்கள் அன்றைக்குத்தான் பெற்ற பிள்ளையின் முகத்தை நிதானமாகப் பார்ப்பார்கள்.

இந்தக் கோடை லீவில் அப்படி ஒரு ஞாயிறு. எதிர்வீட்டுப் பெண் வந்து, "ஏனுங்கக்கா, பிள்ளைகளை எங்காச்சும் கூட்டிட்டுப் போலாமுங்களா?" என்றாள். புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு இரண்டு குடும்பமாக வேனில் கிளம்பினோம். பல்லடம், உடுமலை, அதைத் தாண்டி அமராவதி அணை. அங்கே வனத்துறையின் முதலைப் பண்ணை இருக்கிறது.

சுவருக்கு அந்தப்பக்கம் பத்தடி தூரத்தில், வாயை 'ஆ'வென்று பிளந்தபடி ஒரு முதலை. அசையவே இல்லை. "அம்மா, இது பொம்மையா?" என்றான் அவள் மகன். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் அது அசைகிறதா பார்ப்போம் என்று கல்லைப் பொறுக்கினார். "வேண்டாமுங்க, அது வெயிலுக்குத்தான் அப்படிப் படுத்திருக்குது" என்றேன். நல்லவேளை, கீழே போட்டுவிட்டார்.

முதலைக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் வாயைத் திறந்து வைத்துக்கொள்கிறது. அது சோம்பலும் இல்லை, யாரையும் விழுங்கவும் இல்லை.

இன்னொரு விஷயம் சொன்னேன். அவளுக்கு நம்பவே முடியவில்லை. தாய் முதலை மணலில் குழி தோண்டி இருபது, முப்பது முட்டையிட்டு மூடி, இரண்டு மாதம் போலக் காவல் காக்கும். முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் சத்தம் கொடுத்ததும் மணலைத் தோண்டி எடுத்து, வாயிலேயே கவ்விக்கொண்டு போய்த் தண்ணீரில் விடும். அத்தனை பல்லிருந்தும் குஞ்சுக்கு ஒரு கீறல் படாது. "கைக்குழந்தையை மாமியாகிட்ட விட்டுட்டு ஷிப்டுக்கு ஓடற நமக்கு இது தேவலைங்க" என்று சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

தோலுக்காகச் சுட்டுச் சுட்டு, ஐம்பது வருஷம் முன்னால் நம் நாட்டில் முதலையே அருகிப் போயிற்று. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-ல் மத்திய அரசு முதலைகளைக் காக்கத் தனித் திட்டமே போட்டது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து, வளர்த்து, ஆறுகளிலும் அணைகளிலும் விட்டார்கள். அமராவதிப் பண்ணையும் அந்தக் காலத்தில் வந்ததுதான். ஒன்று கவனியுங்கள்: அமராவதி அணைத் தண்ணீரிலும் முதலைகள் உண்டு. கை கால் கழுவுகிறேன் என்று குழந்தைகளை ஓரத்தில் இறக்கிவிடாதீர்கள்.

இவ்வளவு பத்திரமாக இருந்தும், வினை வந்தது திரும்பும் வழியில். டீ குடிக்க வேனை நிறுத்தினோம். பையன் கையில் பிஸ்கெட். ஒரு குரங்கு வந்து பல்லைக் காட்டியது. "அம்மா, சிரிக்குது!" என்று நீட்டினான். குரங்கு பல்லைக் காட்டினால் சிரிப்பில்லை, பயம் அல்லது மிரட்டல். பிடுங்கிய வேகத்தில் புறங்கையில் கீறி ரத்தம் வந்துவிட்டது.

ஒருவர் காபித்தூள் வை என்றார், இன்னொருவர் மஞ்சள் என்றார். எதையும் வைக்க விடவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாயைப் போலவே குரங்காலும் வெறிநோய் வரலாம். வந்துவிட்டால் பிழைப்பது அரிது. ஊசி போட்டால் வராமலே தடுக்கலாம். ரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றியும் மருந்து போட்டார்கள். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடி வரச் சொன்னார்கள்.

இங்கேதான் நம் பெண்கள் தவறுகிறார்கள். மூன்றாவது நாள் புதன்கிழமை. "காயம் ஆறிப்போச்சுங்கக்கா, லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போயிருமுங்க" என்று தயங்கினாள். "சம்பளத்தை அடுத்த வாரம் சம்பாதிச்சுக்கலாம் கண்ணு, பையனைச் சம்பாதிக்க முடியுமா?" என்றேன். ஒன்றுகூட விடாமல் போட்டாள். பையன் இன்று தெருவில் ஓடி விளையாடுகிறான்.

நீங்களும் கிளம்பும்போது பையில் ஒரு சோப்பு வைத்துக்கொள்ளுங்கள். தின்பண்டத்தை மூடியிட்ட டப்பாவில் வையுங்கள்; வேனுக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள். குரங்குக்குப் பாவம் பார்த்து எதையும் போடாதீர்கள். போட்டுப் பழக்கினால் அடுத்து வரும் பிள்ளையின் கையில் அது பிடுங்கும். மிருகத்தைப் பக்கத்தில் பார்ப்பது குழந்தைக்குப் பெரிய பாடம். பார்க்கட்டும், வாய் நிறையக் கேள்வி கேட்கட்டும். கையை மட்டும் நாம் பிடித்துக்கொள்வோம்.